இலங்கை வேந்தரும் அரபு நாட்டுத் தூதும்

மாரி ஓய்ந்த தை மாதத்து விடியற்பொழுதில் அட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளின் தேயிலைச் சரிவுகளில் நிற்போர், மேற்றிசையோரமாகக் கூம்பு வடிவான ஒரு சிகரத்தைக் காண்பர். கடல்மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் அச்சிகரத்தைச் சைவ மக்கள் சிவனொளிபாதமலை என்பர். பௌத்தர் ஸ்ரீபாதம் என்பர். முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. கிறித்தவருள் ஒரு சாரார் அப்போஸ்தலர் தோமையாரின் அடிச்சுவடு அங்குளதாகக் கூறுவர். பாறையிலுள்ள சுவடு ஒன்று. அதற்கு உரிமை பேசும் மரபுகளோ நான்கு.

தேயிலை இம்மலைநாட்டுக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் அதனை வாணிகப் பயிராக நட்டது 1867ஆம் ஆண்டில். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இச்சிகரத்தின் பெயர் பாக்தாதிலும் கெய்ரோவிலும், ஆபிரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள தாஞ்சியர் நகரிலும் அறியப்பட்டிருந்தது. கடலோடிகளுக்கு அது கலங்கரை விளக்கம். அடியார்களுக்கு அது திருத்தலம். அம்மலையை நாடி வந்தோரும், அம்மலையையுடைய தீவிலிருந்து வெளிநாடு சென்ற தூதரும் நமக்கு விட்டுச் சென்றுள்ள செய்திகள் பல. மொழி வேறு, சமயம் வேறு, வழக்கம் வேறு என்றிருந்த நாடுகள் அக்காலத்தில் ஒன்றோடொன்று எவ்வாறு உறவாடின என்னும் வினாவுக்கு அச்செய்திகளிலே விடை காணலாம். அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தகைய உறவு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் வடகோடியிலிருந்த வைக்கிங் மக்களைப் பற்றி நாம் பாடநூல்களிற் படித்திருக்கிறோம். கொள்ளையும் தீவைப்பும் அன்றி வேறறியாதவர் என்று நெடுங்காலம் அவர்கள் பழிக்கப்பட்டனர். ஆனால் சுவீடன் நாட்டைச் சேர்ந்த கொத்லாந்துத் தீவின் ஒரு வயலில் 1999ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட ஒரு புதையலில் 14,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அரபு எழுத்துப் பொறித்த திர்ஹம் நாணயங்கள். உரோமத் தோலும் அடிமைகளும் தெற்கே சென்றன; வெள்ளி வடக்கே வந்தது. கலீபா அல்முக்ததிர் என்பார் 921ஆம் ஆண்டில் பாக்தாதிலிருந்து வொல்கா ஆற்றங்கரை மன்னருக்கு அனுப்பிய தூதுக்குழுவில் இப்னு பள்லான் என்ற அறிஞர் இருந்தார். ஆற்றங்கரையில் தாம் கண்ட வடநாட்டு வணிகரின் உடற்கட்டை அவர் வியந்தார். அவர்தம் தூய்மைக் குறைவைக் கண்டு அருவருத்தார். எனினும் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தார். இன்று வைக்கிங் தலைவர் ஒருவரின் மரக்கலச் சிதையைப் பற்றி உலகம் அறிந்திருப்பது அவ்வரபு அறிஞரின் எழுத்தினாலேயே.

இன்னொரு வியப்பும் உண்டு. சுவீடனின் ஹெல்கோ என்னும் சிறு தீவில் 1956ஆம் ஆண்டில் அகழ்ந்தோர், வடமேற்கு இந்தியப் பகுதியில் வார்க்கப்பட்ட சிறிய வெண்கலப் புத்தர் படிமம் ஒன்றைக் கண்டெடுத்தனர். அது எத்தனை கைகள் மாறி அங்குச் சேர்ந்ததோ! வாளும் தராசும் ஒரே மரக்கலத்தில் ஏறிச் சென்ற காலம் அது. இந்த உண்மையை மனத்திற்கொண்டு நம் தீவின் பக்கம் திரும்புவோம்.

அரபு நாட்டார் இலங்கையைச் சரந்தீப் என்றனர். மாணிக்கத் தீவு என்றும் அழைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான பலாதுரி ஒரு செய்தியைத் தருகிறார். இத்தீவில் வாழ்ந்து இங்கேயே இறந்துபோன முஸ்லிம் வணிகரின் பெண்மக்கள் சிலரை, மாணிக்கத் தீவின் அரசர் ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் மரக்கலமேற்றி அனுப்பினார். தந்தையரை இழந்த பெண்களை அவர்தம் இனத்தாரிடம் சேர்ப்பித்து ஆளுநரின் நட்பைப் பெறுவது மன்னரின் எண்ணம். சிந்து நாட்டுத் தேபல் துறைமுகத்தருகே கடற்கொள்ளையர் அம்மரக்கலத்தைப் பற்றிக்கொண்டனர். சிந்து மன்னர் தாகிர், கொள்ளையர் தம் ஆணைக்கு அடங்காதவர் என்று கைவிரித்தார். 711ஆம், 712ஆம் ஆண்டுகளில் சிந்துவின் மீது நடந்த படையெடுப்புக்கு இதுவே காரணமாகக் கூறப்பட்டது. பேரரசுகளின் படையெடுப்புக்கு ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரபு வணிகர் இங்கே குடும்பத்தோடு வாழ்ந்தனர் என்பதையும், அவர்தம் அநாதை மக்களைக் காக்கும் பொறுப்பை இந்நாட்டு மன்னர் தமதெனக் கொண்டார் என்பதையும் இச்செய்தி காட்டுகிறது.

மற்றொரு மரபுக் கதையைப் பத்தாம் நூற்றாண்டில் பாரசீகக் கடலோடி புசுர்க் என்பார் பதிவு செய்தார். புதியதொரு சமயம் அரபு நாட்டில் தோன்றியதைக் கேள்வியுற்ற சரந்தீப் மக்கள், உண்மை அறிந்துவர அறிவாளி ஒருவரை அனுப்பினராம். அவர் சென்று சேர்வதற்குள் நபிகள் நாயகமும் அபூபக்கரும் மறைந்துவிட்டனர். உமர் ஆட்சி செய்துகொண்டிருந்தார். உமரைக் கண்டு உரையாடித் திரும்புகையில் தூதர் மக்ரான் கரையில் இறந்தார். உடன் சென்ற பணியாள் மட்டுமே வீடு திரும்பி, ஒட்டுப்போட்ட ஆடை உடுத்துப் பள்ளிவாசலில் உறங்கும் ஓர் ஆட்சியாளரைத் தான் கண்ட கதையைச் சொன்னானாம். இது வரலாறா, கடலோடிகளின் கதையா என்று வழக்காடுவதைவிட, அதனுள் உறையும் மனப்பாங்கை நோக்குவது நன்று. அயலாரின் சமயத்தைக் கேள்வியால் அறியாமல் ஆளனுப்பி அறியவேண்டும் என்று எண்ணியவர்களாகவே சரந்தீப் மக்களை அக்கடலோடிகள் நினைவிற் கொண்டிருந்தனர்.

இனி நம் மலைப்பாதைக்கு வருவோம். அட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடைப்பட்ட பகுதியில் அம்பகமுவ என்னும் ஊர் உளது. அங்குள்ள பாறைக் கல்வெட்டு முதலாம் விசயபாகு மன்னருடையது. 1055 முதல் 1110 வரை ஆண்ட அம்மன்னர், சிகரத்தை வணங்கச் செல்வோர் வழியிற் படும் துன்பத்தை உணர்ந்து, அவர்களுக்கு உணவும் தங்கிடமும் கிடைக்க அறக்கட்டளை ஏற்படுத்திய செய்தி அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. பாதையை ஒருமுறை செப்பனிட்டு, அன்னசாலை அமைத்துவிட்டால், அவ்வழியே வருவோர் யாவர், எத்திசையினர் என்பதை எவரும் வரையறுக்க இயலாது. பௌத்த மன்னர் ஒருவர் தம் சமயத்தாரை எண்ணிச் செம்மைப்படுத்திய மலைப்பயணம் பின்னாளில் பல சமயத்தார்க்கும் பயன்பட்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்கு வருகையில், அரசுத் தூது என்பதன் முழு வடிவத்தையும் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நமக்குக் கிடைக்கிறது. யாப்பகூவாவைத் தலைநகராகக் கொண்டிருந்த முதலாம் புவனேகபாகு மன்னர், 1283ஆம் ஆண்டில் எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழு ஹோர்முஸ் துறையில் இறங்கி, பாக்தாத் வழியாகக் கெய்ரோவை அடைந்தது. மன்னரின் திருமுகம் பொற்பேழை ஒன்றினுள், ஓலையையொத்த பொருளில் எழுதப்பட்டிருந்தது. அதனைப் படிக்கவல்லார் கெய்ரோ நகரில் ஒருவரும் இலர்! ஆகவே திருமுகத்தின் பொருளைத் தூதரே வாய்மொழியாக எடுத்துரைத்தார்.

அவர் கூறியவற்றை எகிப்திய வரலாற்றாசிரியர் குறித்து வைத்துள்ளனர். தம் நாட்டில் முத்தும் மணியும் யானையும் துகிலும் கறுவாவும் சாய மரமும் மரக்கலங்களும் நிறைந்துள்ளன என்றார் இலங்கை வேந்தர். யெமன் நாட்டுத் தூதர் தம்மிடம் வந்து நட்பு வேண்டியபோதும், எகிப்திய சுல்தான்பால் கொண்ட அன்பினால் அதனை மறுத்துவிட்டதாகத் தெரிவித்தார். எகிப்தியத் தூதர் ஒருவர் தம் குழுவோடு இலங்கைக்கு வரவேண்டும், இன்னொருவர் ஏடன் துறைமுகத்தில் இருத்தல் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். நேர் வாணிகம் வேண்டும், இடைத்தரகர் வேண்டா என்பதே இதன் உட்கிடை.

இத்தூதுக்குழுவின் தலைவர் யார் தெரியுமா? அபூ உதுமான் என்னும் ஹாஜியார். புத்தரின் தந்த தாதுவைக் காத்துநின்ற பௌத்த மன்னர், தம் நாட்டின் செல்வநிலையையும் அரசியல் நோக்கத்தையும் ஒரு முஸ்லிமின் நாவில் நம்பி ஒப்படைத்தார். எழுதியதைப் படிக்க ஆளில்லாத அவையில், தூதர் மாற்றிச் சொல்லியிருந்தாலும் எவரும் அறிந்திருக்கமாட்டார். அக்காலத் தூது முழுவதும் இத்தகைய நம்பிக்கையாகிய நூலிழையிலே தொங்கியது. இரு மொழியும் இரு நாட்டு வழக்கமும் அறிந்த வணிகர் குலமே அந்நூலை நூற்றது.

இதே காலத்தில் பாக்கு நீரிணைக்கு அப்பால், பாண்டியரின் காயல் துறைமுகத்திலும் இந்நிலையே காணப்பட்டது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் என்பாரின் குறிப்புப்படி, கீஷ் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டி நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார். அவருடைய தம்பி தக்கியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டிய மன்னரின் அமைச்சராகவே விளங்கினார். சைவ மன்னரின் அவையில் பாரசீக வளைகுடாவைச் சேர்ந்த அமைச்சர்!

ஆயினும் நட்பு மட்டுமே நிலவிய பொற்காலம் என்று இதனைக் கொள்ளுதல் தவறு. தூது அனுப்பிய மறு ஆண்டிலே புவனேகபாகு மறைந்தார். பாண்டியரின் படைத்தலைவராக வந்த ஆரியச் சக்கரவர்த்தி ஒருவர் யாப்பகூவாவைத் தாக்கித் தந்த தாதுவையும் கவர்ந்து சென்றார். பின்பு மூன்றாம் பராக்கிரமபாகு மன்னர் தாமே பாண்டியரிடம் நேரிற் சென்று, இன்சொற் பேசி அதனை மீட்டு வந்தார் என்று சூளவம்சம் கூறும். வாளாற் போனது சொல்லால் மீண்டது.

இப்பின்னணியிலேதான் நம் மலைக்கு வந்த பெருவழிப்போக்கரைக் காணவேண்டும். இப்னு பதூதா 1304ஆம் ஆண்டில் தாஞ்சியரிற் பிறந்தவர். 1325ஆம் ஆண்டில் மக்காவை நோக்கி வீட்டை விட்டுப் புறப்பட்டவர். தில்லியில் நீதிபதியாகவும் மாலைதீவில் நீதிபதியாகவும் பணியாற்றிய பின்னர், 1344ஆம் ஆண்டில் இலங்கையின் வடமேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தார். கடலில் ஒன்பது நாட் பயணத் தொலைவிலேயே இச்சிகரம் புகைத்தூண் போல விண்ணில் எழுந்து தோன்றியது என்று அவர் குறிப்பிடுகிறார்.

கரையை நெருங்கியதும் மாலுமிகள் அஞ்சினர். இது வணிகர் அச்சமின்றி இறங்கத்தக்க துறையன்று. கொடியவரான ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது. அவருடைய கலங்கள் கடற்கொள்ளையிடுவன என்றனர். புயலுக்கு அஞ்சிய இப்னு பதூதாவோ இறங்கியே தீர்ந்தார். தாம் மதுரைச் சுல்தானின் சகலர் என்றும், அவரைக் காணச் செல்வதாகவும் அறிவித்தார். உறவுமுறை கூறுவதும் அக்காலத் தூதுமொழியில் ஒரு சொல்லே.

மாலுமிகள் அஞ்சிய அதே மன்னர் அவரை எவ்வாறு வரவேற்றார்? அருகே அமர்த்தி அன்போடு பேசினார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது. பிற நாடுகளையும் அவற்றின் அரசர்களையும் பற்றிக் கேட்பதில் அவர் பெரிதும் மகிழ்ந்தார். யாழ்ப்பாணத்துச் சைவ அரசர் ஒருவர் மொறோக்கோ நாட்டு முஸ்லிம் அறிஞரோடு பாரசீக மொழியிற் பேசி மகிழ்ந்த காட்சியை, மாணவர்களே, உங்கள் மனக்கண்ணால் ஒருகணம் காணுங்கள்! குதிரை, முத்து, கறுவா ஆகியவற்றின் வாணிகம் பாரசீக வளைகுடாவோடு பின்னிக் கிடந்த காலம் அது. அவ்வாணிகத்தில் முதன்மைபெற விரும்பிய வேந்தருக்கு அம்மொழி அழகுக் கல்வியன்று, ஆட்சிக் கருவி.

மூன்று நாள் விருந்துக்குப் பின், வேண்டியதைக் கேட்குமாறு மன்னர் கூறினார். முத்துக் குவியலைக் கண்டிருந்த இப்னு பதூதா பொருளைக் கேட்கவில்லை. ஆதம் பாதத்தைத் தரிசிக்க வழி செய்தால் போதும் என்றார். மன்னர் உடனே இசைந்தார். பல்லக்கு ஒன்றும் அதனைச் சுமக்க அடிமைகளும் தந்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், அரசரின் துணைவர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் உடன் அனுப்பப்பட்டனர். அவரை ஏற்றிவந்த மாலுமித் தலைவரோ, ஓராண்டு காத்திருக்க நேரினும் அவரை விட்டுப் போகேன் என்றார். அவர் திரும்பி வரும்வரை மாலுமியும் தம் விருந்தினரே என்று மன்னர் மறுமொழி கூறினார். கொள்ளைக்குப் பெயர்பெற்ற துறையில் அயல்நாட்டு மரக்கலம் ஒன்று இவ்வாறு பாதுகாப்பாக நங்கூரமிட்டு நின்றது.

யோகியரும் பிராமணரும் வழிகாட்ட, முஸ்லிம் ஒருவர் ஆதமின் அடிச்சுவட்டை நாடிச் சென்றார். அவர்களுக்கு அது சிவனின் ஒளிபாதம். இவருக்கோ முதல் மனிதரின் பாதம். வழியில் அதனைப் பற்றி அவர்கள் வழக்காடியதாக அவர் நூலில் ஒரு குறிப்பும் இல்லை. நான்கு திசையினரும் ஒரே சுவட்டை வணங்கினர். அது எவருடையது என்பதில் உடன்பாடு காணவேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை.

மலைப்பாதையைப் பற்றி அவர் எழுதியவற்றுள் நம் தோட்டத்து மக்கள் புன்முறுவலோடு அறிந்துகொள்ளத்தக்க ஒன்றுண்டு. மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர்மேற் பாயும் அட்டையை அவர் விரிவாக வருணித்துள்ளார்! அது கடித்த இடத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, மரக்கத்தியாற் சுரண்டி எடுப்பராம். கொழுந்து பறிக்கும் தாய்மாரின் காலை இன்றும் பற்றுகின்ற அதே அட்டை, ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் தாஞ்சியர் நகரத்து அறிஞரையும் விடவில்லை.

சிகரத்துக்குச் செல்ல இரு பாதைகள் இருந்தன. ஆதமைக் குறிக்கும் பாபா பாதை கடினமானது. ஏவாளைக் குறிக்கும் மாமா பாதை எளியது. எளிய பாதையில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே மக்கள் கருதமாட்டார் என்கிறார். செங்குத்தான பாறையில் பத்துச் சங்கிலிகள் பிணைக்கப்பட்டிருந்தன. பத்தாவது சங்கிலியைப் பற்றி ஏறுவோர், கீழே நோக்கி அஞ்சி இறைவன் பெயரை உச்சரிப்பர். ஆதலின் அது கலிமாச் சங்கிலி எனப்பட்டது. பாதச்சுவடு பதினொரு சாண் நீளம் என்று குறித்துள்ளார். சுவட்டைச் சுற்றி வெட்டப்பட்ட ஒன்பது குழிகளில் அடியார்கள் பொன்னும் மணியும் இட்டுச் செல்வராம்.

எல்லாம் இனிமையாகவே இருந்தன என்று அவர் எழுதவில்லை. மலைக்குச் செல்லும் வழியிலிருந்த ஒரு நகரின் புறத்தே, சீராசு நகரத்து உதுமான் என்னும் பெரியாரின் பள்ளிவாசல் இருந்தது. பசுவைக் கொன்ற குற்றத்துக்காக அப்பெரியாரின் கையும் காலும் துண்டிக்கப்பட்டன. அக்குற்றத்துக்கு மரணமே முறையான தண்டனையாம்; அவர்பாற் கொண்ட மதிப்பினால் குறைத்தனராம். அதன்பின் ஒரு சந்தையின் வருவாயை அவருடைய வாழ்வுக்கென அளித்தனர். இதனை நாம் மறைத்தலாகாது. அயலாருக்கு இடமளித்த அதே சமுதாயம் தன் சட்டத்தின் கடுமையையும் விடவில்லை.

அப்பாதையை முஸ்லிம்களுக்குத் திறந்தவர் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு கபீப் என்பது அவர் கேட்டறிந்த கதை. பசியால் வாடிய அடியார்கள், அவர் தடுத்தும் கேளாமல் யானைக்கன்று ஒன்றைக் கொன்று தின்றனர். இரவில் வந்த யானைக்கூட்டம் அவர்களைக் கொன்றது. உண்ணாத பெரியாரை மட்டும் ஒரு யானை தன் முதுகிலேற்றி ஊரிற் சேர்த்தது. அன்றுமுதல் இந்நாட்டார் முஸ்லிம்களை மதித்து, தம் இல்லங்களிற் சேர்த்து, உடனுண்ணவும் இசைந்தனராம். யானைக் கதை எவ்வாறாயினும் ஆகுக. இந்தியக் கரையில் தமக்குக் கிடைக்காத உடனுண்ணும் உரிமை இங்கே கிடைத்ததை வழிப்போக்கர் ஒருவர் உணர்ந்து எழுதியிருப்பது சிந்திக்கத்தக்கது.

மலையிலிருந்து இறங்கிய இப்னு பதூதா தெற்கே தேவேந்திரமுனைக்குச் சென்றார். அங்கிருந்த பெருங்கோயிலைப் பற்றியும் எழுதியுள்ளார். பின்பு காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்கு மீண்டார். தேவேந்திரமுனையின் தேனவரை நாயனார் கோயில் இன்னொரு சான்றிலும் இடம்பெறுகிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு ஒன்றை இத்தீவுக்குக் கொண்டுவந்தார். செங் ஹோ முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். அக்கல்லின் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரை வணங்குகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனைப் புகழ்கிறது. மூன்று பகுதிகளிலும் கூறப்படும் காணிக்கை ஏறக்குறைய ஒன்றே: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, நறுமண எண்ணெய் முதலியன. எவருக்கும் கூடுதலில்லை, எவருக்கும் குறைவில்லை. ஆனால் 1411ஆம் ஆண்டில் அதே செங் ஹோ இந்நாட்டின் அழகக்கோனாரோடு போரிட்டு, அவரைச் சிறைப்படுத்திச் சீனத்துக்குக் கொண்டு சென்றதும் வரலாறே. சமன் செய்த தராசுக்குப் பின்னாலும் வாள் இருந்தது. அக்கல் 1911ஆம் ஆண்டில் காலி நகரில் வாய்க்காலொன்றின் மூடுகல்லாகக் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்புத் தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டது.

நேயர்களே, இவ்வரலாறு மலைநாட்டு மக்களாகிய நமக்கு என்ன கூறுகிறது? நம் வரலாறு கோப்பித் தோட்டத்தோடு தொடங்கியது என்றும், அதற்கு முன் இம்மலைகள் வெறுங்காடு என்றும் நம் பிள்ளைகளுட் பலர் எண்ணுகின்றனர். இப்னு பதூதாவுக்கு வழிகாட்டிய யோகியர் நம் பாட்டனார் அல்லர். நம் முன்னோர் தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே கால்நடையாக வந்தவர். இல்லாத குலமரபைப் புனைந்துகொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நாம் வாழுமிடம் உலகின் நெடுவழிகளுள் ஒன்றன் ஓரம் என்பதை அறிவது நம் உரிமை. 1884ஆம் ஆண்டில் அட்டனுக்குப் புகைவண்டி வந்தது புதுப் பாதை. அதில் வந்திறங்கிய யாத்திரிகர் நாடியதோ பழைய சிகரம்.

இன்னுமொன்று. கடந்து செல்லும் விருந்தினருக்குப் பல்லக்குக் கொடுப்பது எந்த அரசுக்கும் எளிது. தங்கி வாழ வருவோருக்கு இடம் கொடுப்பதே கடினம். பல்லக்கிலே சென்றவரின் பெயரை வரலாறு காத்தது. அதனைச் சுமந்த அடிமைகளின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் துயர், 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை நீண்டது. சுமை சுமந்தோரை மறப்பது பழைய காலத்துக்கு மட்டும் உரிய குற்றமன்று என்பதற்கு இதுவே சான்று. அநாதைப் பெண்களைப் பொறுப்போடு அனுப்பிவைத்த மாணிக்கத் தீவின் மன்னரையும், மாலுமியைத் தம் விருந்தினரென்ற ஆரியச் சக்கரவர்த்தியையும் நாம் போற்றுவது, அவர்கள் தம் கரையிலிருந்த எளியோரையும் கணக்கிற் கொண்டமையாலேயே.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மார்கழி தொடங்கி வைகாசி வரையுள்ள யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணி வழியே சிகரத்துக்கு ஏறும்போது, பிள்ளைகளுக்கு இச்செய்திகளைச் சொல்லுங்கள். பக்கத்திலே ஏறும் சிங்கள மூதாட்டியும் முஸ்லிம் இளைஞரும் வேறு பெயர் சொல்லி அதே சுவட்டை வணங்கப் போகின்றனர் என்பதை எடுத்துக்காட்டுங்கள். களைத்து அமர்ந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது அவர் எப்பெயரால் மலையை அழைக்கிறார் என்று கேட்கவேண்டியதில்லை. அம்பகமுவக் கல்வெட்டைப் பொறித்த மன்னர் அன்னம் அளித்ததும், புத்தளத்து மன்னர் வழித்துணை அளித்ததும் இம்மலையின் வழக்கம். அவ்வழக்கத்தைக் காக்கும் பொறுப்பு இன்று மலையடிவாரத்தில் வாழும் நம்மிடமும் உளது.